வலையில் விழுந்த சால்மனை ஆற்றிலேயே விட வேண்டும்: வேல்ஸ் பரிசல் மீனவர்களுக்கு 10 ஆண்டுத் தடை ஏன்?

கோடை இரவு. நல்ல இருட்டு. ஆற்றில் இரண்டு சின்னப் பரிசல்கள் நீரோட்டத்தோடு மெதுவாக இறங்குகின்றன. ஒவ்வொரு பரிசலிலும் ஒரே ஓர் ஆள். ஒரு கையில் துடுப்பு, இன்னொரு கையில் வலையின் கயிறு. இரண்டு பரிசலுக்கும் நடுவே தண்ணீருக்குள் வலை விரிந்து வருகிறது. கயிறு வெடுக்கென்று இழுத்தால் மீன் விழுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே இரண்டு பரிசலும் ஒன்று சேரும், வலை மேலே வரும்.

வலையில் இருப்பது கடல் டிரவுட் என்றால் விதிகளுக்கு உட்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம், விற்கலாம். சால்மன் என்றால் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த இடத்திலேயே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

இது பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில், டைவி என்ற சிறிய ஆற்றில் இப்போது இருக்கும் நிலைமை. 2020 ஜனவரி 1 முதல் வேல்ஸ் முழுவதும் இந்த விதி அமலில் இருக்கிறது. 2029 டிசம்பர் கடைசி வரை தொடரும். மொத்தம் 10 ஆண்டுகள்.

நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக அதே ஆற்றில் அதே மீனைப் பிடித்தவர்களை ஏன் தடுத்தார்கள்? அவர்கள்தான் மீன் குறையக் காரணமா? தடை போட்டால் மீன் திரும்பி வந்துவிடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

டைவி ஆறு எங்கே இருக்கிறது?

வேல்ஸின் நடுவில் உள்ள கேம்ப்ரியன் மலைகளில், சில சிறிய ஏரிகளில் இருந்து டைவி புறப்படுகிறது. டிரெகாரன், லாம்பீட்டர், கெனார்த், கில்கெரன் போன்ற சிறு ஊர்களைக் கடந்து கார்டிகன் என்ற ஊரருகே கடலில் கலக்கிறது. நீளம் சுமார் 120 கிலோமீட்டர். நம்ம தாமிரபரணி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். உலகின் பெரிய ஆறுகளோடு ஒப்பிட்டால் ஓடை மாதிரிதான்.

ஆனால் மீனுக்குப் பெயர் போன ஆறு. 1188-ல் வேல்ஸைச் சுற்றிவந்த ஜெரால்ட் என்ற பாதிரியார், டைவியின் சால்மன்களைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். கெனார்த் அருவியில் சால்மன்கள் தாவிக் குதித்து மேலேறுவதையும், அந்தக் கால மக்கள் தோல் போர்த்திய சிறு பரிசல்களில் மீன் பிடித்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அதாவது இந்தத் தொழிலுக்கு எழுத்துச் சான்றே 800 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது.

ஒகேனக்கல் பரிசலும் வேல்ஸ் பரிசலும்

வேல்ஸில் இந்தப் படகுக்குப் பெயர் 'கொரக்கிள்'. ஒகேனக்கல்லுக்குப் போய்வந்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. நம்ம பரிசலின் தூரத்துச் சொந்தம்தான் அது. ஒகேனக்கல்லில் மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, மேலே தோலோ பிளாஸ்டிக்கோ போர்த்தித் தார் பூசுவார்கள். வேல்ஸில் மூங்கிலுக்குப் பதிலாக வில்லோ, ஹேசல் போன்ற மரங்களின் கிளைகளை வளைத்துப் பின்னுகிறார்கள். முன்பு தோல், பிறகு தார் பூசிய துணி, இப்போது ஃபைபர் கிளாஸ்.

வித்தியாசம் அளவில்தான். நம்ம பரிசலில் ஒரு குடும்பமே உட்காரலாம். கொரக்கிளில் ஓர் ஆள்தான். மீன் பிடித்து முடித்ததும் அந்த ஆள் பரிசலை ஆமை ஓடு மாதிரி முதுகில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுவார். கெனார்த்தில் இதற்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. வேல்ஸ் பரிசல்களோடு இந்தியா, இராக், வியட்நாம் பரிசல்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

இரண்டு ஊர்ப் பரிசல்காரர்களுக்கும் 'தடை' என்ற சொல் பழக்கமானதுதான். காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை என்று செய்தி வரும். தண்ணீர் குறைந்தால் தடை நீங்கிவிடும். டைவியில் பிரச்னை தண்ணீரில் இல்லை. மீன் வரத்தில். அது குறைந்துகொண்டே போவதால்தான் 10 ஆண்டுத் தடை.

சால்மன், கடல் டிரவுட்: இந்த மீன்கள் ஏன் ஆற்றுக்கு வருகின்றன?

இரண்டுமே ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, மறுபடியும் ஆற்றுக்கே வந்து முட்டையிடும் மீன்கள்.

சால்மன் குளிர்காலத்தில், ஆற்றின் மேல்பகுதியில், சுத்தமான கூழாங்கல் படுகையில் பள்ளம் தோண்டி முட்டையிடுகிறது. வசந்த காலத்தில் குஞ்சு பொரிகிறது. குஞ்சுகள் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் ஆற்றிலேயே இருக்கும். பிறகு உடம்பு வெள்ளி நிறத்துக்கு மாறி, உப்புத் தண்ணீரைத் தாங்கும் சக்தி வந்ததும் கடலுக்குப் போகும். நார்வே கடல், கிரீன்லாந்து கரை என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய், அங்கே ஒன்றிரண்டு ஆண்டுகள் தின்று கொழுத்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். பிறந்த ஆற்றின் வாசனையை நினைவில் வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். முட்டையிட்ட பிறகு பெரும்பாலான சால்மன்கள் இறந்துவிடும்.

கடல் டிரவுட்டின் கதை கொஞ்சம் வேறு. ஆற்றிலேயே வாழ்நாளைக் கழிக்கும் பழுப்பு டிரவுட்டும் இதுவும் ஒரே இனம். ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளில் சில ஆற்றிலேயே தங்கிவிடும், சில கடலுக்குப் போய்விடும். கடலுக்குப் போனவைதான் கடல் டிரவுட். வேல்ஸில் இதைச் செல்லமாக 'சூவின்' என்பார்கள். இது சால்மன் அளவுக்குத் தூரம் போகாது, கரையை ஒட்டியே சுற்றும். முட்டையிட்ட பிறகும் உயிரோடு கடலுக்குத் திரும்பி, அடுத்தடுத்த ஆண்டுகளில் மறுபடி வந்து முட்டையிடும். அதனால் வயது கூடக் கூட அதன் மதிப்பும் கூடுகிறது.

(நீலகிரியின் அவலாஞ்சியில் வளர்க்கப்படும் வானவில் டிரவுட், வட அமெரிக்காவின் பசிபிக் கரையைப் பூர்வீகமாகக் கொண்ட வேறு இனம். பெயரில் மட்டும்தான் குழப்பம்.)

தடை என்ன சொல்கிறது?

வேல்ஸின் ஆறு, காடு, நிலம் எல்லாவற்றையும் கவனிக்கும் அரசு அமைப்பு 'நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ்'. இந்த அமைப்பு கொண்டுவந்த விதிகளுக்குத் தூண்டில்காரர்களும் பரிசல்காரர்களும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2019 தொடக்கத்தில் பொது விசாரணை நடந்தது. அதன் பிறகு அதே ஆண்டு வேல்ஸ் அரசு ஒப்புதல் கொடுத்தது. முக்கிய அம்சங்கள் இவை:

• தூண்டிலில் சிக்கினாலும் சரி, வலையில் விழுந்தாலும் சரி, சால்மனை உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

• தூண்டிலில் சிக்கும் கடல் டிரவுட் 60 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும்.

• தூண்டில் முள், இரை வகைகளுக்குக் கட்டுப்பாடு. மீனுக்குக் காயம் குறைவாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

• வலை மீன்பிடிப்புக்கான காலத்துக்கும் கட்டுப்பாடு உண்டு.

இதில் இரண்டாவது விதி நம்ம ஊர் ஆட்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம். வழக்கமாகச் சின்ன மீனைப் பிடிக்காதே என்றுதான் சொல்வார்கள். இங்கே பெரிய மீனை விடு என்கிறார்கள். காரணம் எளிது. பெரிய கடல் டிரவுட் என்றால் பெரும்பாலும் பல முறை முட்டையிட்ட, வயதான தாய் மீன். சின்ன மீனைவிட அது பல மடங்கு முட்டை போடும். அதை இழந்தால் இழப்பு ஒரு மீனோடு முடியாது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணமும் கொடுக்கிறது. 61 நாளைக் கடப்பதே எவ்வளவு சிரமம் என்று ராமேஸ்வரத்திலும் காசிமேட்டிலும் கேட்டால் சொல்வார்கள். வேல்ஸில் சால்மனுக்கான தடை 10 ஆண்டுகள்.

நிலைமை அவ்வளவு மோசமா?

ஆமாம் என்கின்றன எண்கள்.

2023 டிசம்பரில் துபாய் பருவநிலை மாநாட்டின்போது, ஐயுசிஎன் அமைப்பு அழிவாபத்து உயிரினங்களின் சிவப்புப் பட்டியலைப் புதுப்பித்தது. அதுவரை 'கவலைப்படத் தேவையில்லை' என்ற வகையில் இருந்த அட்லாண்டிக் சால்மன், 'அச்சுறுத்தலை நெருங்கும்' வகைக்கு மாற்றப்பட்டது. 2006-க்கும் 2020-க்கும் இடையில் உலக அளவில் அதன் எண்ணிக்கை 23% குறைந்ததாக அந்த அமைப்பு கணக்கிட்டது. பிரிட்டன் ஆறுகளில் உள்ள சால்மன் இன்னும் மோசம். அது 'அழியும் நிலையில்' என்றே தனியாக வகைப்படுத்தப்பட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 64 முக்கிய சால்மன் ஆறுகள் உள்ளன. அரசு அமைப்புகளின் 2023 மதிப்பீட்டில், அவற்றில் சுமார் 90% ஆறுகள் 'ஆபத்தில்' அல்லது 'ஆபத்தில் இருக்க வாய்ப்பு' என்ற நிலையில் இருந்தன.

கடலுக்குப் போகும் குஞ்சுகளில் எத்தனை திரும்புகின்றன என்பது இன்னொரு அளவுகோல். பிரிட்டனில் இருந்து 100 குஞ்சுகள் கடலுக்குப் போனால் 5-க்கும் குறைவாகத்தான் திரும்புகின்றன என்கிறார்கள் அங்குள்ள சால்மன் பாதுகாப்பு அமைப்பினர். சில பத்தாண்டுகளுக்கு முன் இது பல மடங்கு அதிகமாக இருந்தது.

மீன் குறைய யார் காரணம்?

இங்கேதான் விவகாரம் சிக்கலாகிறது. ஒரே குற்றவாளி இல்லை.

முதலில் கடல். வட அட்லாண்டிக் சூடாகிக்கொண்டு வருகிறது. சால்மனுக்கு இரையாகும் சின்ன உயிரினங்கள் இடம் மாறுகின்றன. கடலில் பிடிப்பதால்தான் மீன் குறைகிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அதனால் 1980-களில் சர்வதேச ஒப்பந்தம் போட்டு, நடுக்கடல் சால்மன் பிடிப்பு பெருமளவு கட்டுப்படுத்தப்பட்டது. ஃபாரோ தீவுகளில் 1990-களின் தொடக்கத்திலேயே வணிகப் பிடிப்பு நின்றுபோனது. அயர்லாந்து தன் கடலில் மிதவை வலைகளை 2007 முதல் நிறுத்தியது. இவ்வளவு செய்தும் மீன் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

இரண்டாவது, ஆற்றின் வெப்பம். முட்டை பொரிய குளிர்ந்த தண்ணீர் வேண்டும். பிரிட்டனில் 2015 டிசம்பர், பதிவான டிசம்பர்களிலேயே மிகவும் வெதுவெதுப்பானது. மழையும் கொட்டித் தீர்த்தது. சரியாக சால்மன் முட்டையிடும் நேரம் அது. அடுத்த ஆண்டு வேல்ஸ் ஆறுகளில் கணக்கெடுத்தபோது, பல இடங்களில் சால்மன் குஞ்சுகள் மிகமிகக் குறைவாக இருந்தன. 2022 ஜூலையில் வேல்ஸில் 37.1 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த நாட்டின் வரலாற்றிலேயே அதிகபட்ச வெப்பம். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினாலே சால்மன் திணறும். அந்த நேரத்தில் பிடித்துவிட்டு விட்டாலும் பிழைப்பது கஷ்டம்.

மூன்றாவது, மாசு. வேல்ஸ் விவசாயத்தில் கால்நடை வளர்ப்புக்குத்தான் பெரிய பங்கு. மாட்டுத் தொழுவங்களின் சாணக் கரைசலை வயலில் தெளிப்பார்கள். மழையில் அது ஆற்றுக்கு வந்துவிடும். 2016 டிசம்பரில் டைவியின் மேல்பகுதியில், கழிவில் இருந்து எரிவாயு தயாரிக்கும் ஒரு நிலையத்தில் கசிவு ஏற்பட்டது. கரைசல் ஆற்றில் கலந்து, பல கிலோமீட்டர் தூரத்துக்கு ஆயிரக்கணக்கான மீன்கள் செத்துப்போயின. அதுவும் முட்டையிடும் பருவத்தில்.

நான்காவது, சாக்கடை. டைவி கடலில் சேரும் இடத்தில் கார்டிகன் ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சரியாகச் சுத்திகரிக்காத கழிவுநீர் பல ஆண்டுகளாக விதிகளை மீறித் திறந்துவிடப்பட்டது 2023-ல் வெளியே வந்தது. அதை நடத்தும் நிறுவனமே ஒப்புக்கொண்டது. கடலில் இருந்து ஆற்றுக்கு வரும் ஒவ்வொரு சால்மனும் அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும்.

2021 ஜனவரியில் வெளியான ஆய்வில், வேல்ஸின் பாதுகாக்கப்பட்ட ஆறுகளில் 60%-க்கும் அதிகமான நீர்ப்பகுதிகளில் பாஸ்பரஸ் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது தெரியவந்தது. டைவியும் அந்தப் பாதுகாக்கப்பட்ட ஆறுகளில் ஒன்று. அதன் பிறகு அந்த ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் புதிய வீடு கட்ட அனுமதி கிடைப்பதே இழுபறி ஆனது. அதாவது மீனின் பிரச்னை மீனோடு நிற்கவில்லை, மனிதர்களின் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

அப்படியென்றால் மீனவர்களை ஏன் தடுக்க வேண்டும்?

பரிசல்காரர்களும் தூண்டில்காரர்களும் கேட்ட கேள்வி இதுதான். கடலைச் சூடாக்கியது நாங்களா? சாணத்தைக் கொட்டியது நாங்களா? பிறகு ஏன் முதல் அடி எங்களுக்கு?

அவர்கள் வாதத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. தூண்டில்காரர்களில் பெரும்பாலானோர் சட்டம் வருவதற்கு முன்பே சால்மனைத் தாங்களாகவே விட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தானாக முன்வந்து செய்வதைச் சட்டமாக்கினால் பலர் ஆற்றுப் பக்கமே வரமாட்டார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடிப்பவர்களுக்குத்தான் கொண்டாட்டம். ஆற்றில் செத்த மீன் மிதந்தால், முதலில் பார்த்துப் போன் செய்வதும் இந்த மீனவர்கள்தான்.

அரசு அமைப்பின் பதில் வேறு கோணத்தில் இருந்தது. மீன்பிடிப்புதான் வீழ்ச்சிக்குக் காரணம் என்று அவர்களும் சொல்லவில்லை. ஆனால் வங்கிக் கணக்கில் பணம் கரைந்துகொண்டிருக்கும்போது சின்னச் செலவையும் நிறுத்தத்தானே வேண்டும் என்பது அவர்களின் வாதம். ஒரு நடுத்தரப் பெண் சால்மன் சில ஆயிரம் முட்டைகள் இடும். கடலில் அத்தனை ஆபத்துகளையும் தாண்டி, நூற்றில் ஒன்றாகத் திரும்பி வந்த மீன் அது. அதை ஆற்றின் வாசலில் பிடித்துக் கொன்றுவிட்டால், அதுவரை பிழைத்து வந்ததே வீண். கடலின் வெப்பத்தை ஓர் உத்தரவால் குறைக்க முடியாது. பிடிப்பதை நிறுத்த முடியும்.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்தச் சுற்றுச்சூழல் பிரச்னையிலும் எளிதில் கட்டுப்படுத்தக்கூடியவர்கள்தான் முதலில் கட்டுப்படுத்தப்படுகிறார்கள். பரிசல்காரரிடம் உரிமம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அவர் இறங்கும் துறை எது என்று தெரியும். ஆயிரக்கணக்கான பண்ணைகளில் இருந்து மழையோடு வழியும் கரைசலுக்குப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை.

விவசாயிகள் பக்கம் எதுவும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஏப்ரல் 1 முதல், சாணம், உரம் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் விதிகளை வேல்ஸ் அரசு நாடு முழுக்கக் கொண்டுவந்தது. எப்போது தெளிக்கலாம், எவ்வளவு தெளிக்கலாம், மழைக்காலத்தில் எப்படிச் சேமித்து வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. சேமிப்புத் தொட்டி கட்டும் செலவு தாங்காது, சிறு பண்ணைகள் மூடப்படும் என்று விவசாயிகள் போராடினார்கள். கட்டுப்பாடுகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வந்தன. மீனவர்களுக்கான விதியோ ஒரே நாளில் அமலானது.

ஆபத்தில் இருப்பது மீன் மட்டுமா?

இல்லை. தொழிலும்தான்.

19-ம் நூற்றாண்டில் மேற்கு வேல்ஸ் ஆறுகளில் நூற்றுக்கணக்கான பரிசல்கள் ஓடின. இன்று உரிமத்தோடு பரிசல் மீன்பிடிப்பு நடப்பது டைவி, டவி, டாவ் என்ற மூன்று ஆறுகளில் மட்டும்தான். மூன்றுக்கும் சேர்த்து உரிமங்கள் இருபது சொச்சம். பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக, அப்பாவிடம் இருந்து மகனுக்கு என்று வந்த தொழில் இது.

2017-ல் இந்தப் பரிசல்காரர்கள் பிடிக்கும் சூவினுக்கும் சால்மனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம மதுரை மல்லிக்குக் கிடைத்த மாதிரியான அங்கீகாரம். மேற்கு வேல்ஸ் ஆற்றில், பரிசலில், இந்த முறையில் பிடித்த மீனுக்குத்தான் இந்தப் பெயர் என்று சட்டப் பாதுகாப்பு. இனி நல்ல விலை கிடைக்கும் என்று நம்பினார்கள். ஆனால் மூன்றே ஆண்டில் சால்மன் தடை வந்துவிட்டது. சால்மனுக்குப் பெயர் இருக்கிறது, குறியீடு இருக்கிறது. விற்க மீன்தான் இல்லை.

இந்தத் தொழிலைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. இருட்டில் எந்தப் பாறை எங்கே இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு குறைந்தால் வலை அடியில் மாட்டும், இரண்டு பரிசலும் ஒரே வேகத்தில் இறங்க எப்படித் துடுப்புப் போடுவது என்பதெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழக வேண்டியவை. வருமானம் குறைந்த தொழிலுக்குப் பிள்ளைகள் வருவதும் குறைவு. கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்காகப் பரிசல் போட்டி நடத்தலாம். மீன் பிடிக்கத் தெரிந்த ஆட்கள் போய்விட்டால் அது வெறும் வேடிக்கைப் பொருளாகத்தான் மிஞ்சும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

அயர்லாந்து ஒவ்வோர் ஆற்றையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. ஓர் ஆறு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள எத்தனை சால்மன் முட்டையிட வேண்டும் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி மீன் வந்தால் அந்த ஆற்றில் பிடிக்கலாம். எல்லையைத் தொடவில்லை என்றால் பிடித்து விடுவது மட்டும், அல்லது முழுத் தடை. ஆண்டுதோறும் இந்தப் பட்டியல் மாறும். கடலில் மிதவை வலையை நிறுத்தியபோது, உரிமம் வைத்திருந்த மீனவர்களுக்கு அரசு இழப்பீட்டுத் திட்டமும் கொண்டுவந்தது.

நார்வேயில் 2024 ஜூனில் ஆற்றுக்குத் திரும்பிய சால்மன் எண்ணிக்கை மிகவும் குறைவாக இருந்தது. உடனே, பருவத்தின் நடுவிலேயே, 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பை நிறுத்தினார்கள். உலகிலேயே அதிகமாகப் பண்ணை சால்மன் வளர்க்கும் நாடு அது. கடலில் கூண்டு கட்டி வளர்க்கும் பண்ணைகளில் இருந்து பரவும் கடல் பேன் ஒட்டுண்ணியும், தப்பியோடும் பண்ணை மீன்கள் காட்டு மீன்களோடு கலப்பதும் அங்கே பெரிய பிரச்னை.

வேல்ஸ் மாதிரி நாடு முழுக்க ஒரே விதி, நீண்ட காலத்துக்கு என்பது ஒரு வழி. ஆண்டுதோறும் கணக்குப் பார்த்து ஆறு ஆறாகத் திறப்பது, மூடுவது இன்னொரு வழி. முதல் வழியில் குழப்பம் குறைவு. இரண்டாவதில், நன்றாக இருக்கும் ஆற்றின் மீனவர்களுக்கு நம்பிக்கை மிச்சம் இருக்கிறது.

2029-க்குப் பிறகு என்ன?

சால்மன் முட்டையில் இருந்து வெளிவந்து, ஆற்றில் வளர்ந்து, கடலுக்குப் போய்த் திரும்பி வந்து முட்டையிட நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதாவது 10 ஆண்டு என்பது சால்மனுக்கு இரண்டு தலைமுறைதான். இரண்டே தலைமுறையில் ஆறு நிறைந்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சரிவு நின்றாலே வெற்றி.

பரிசல்காரருக்கோ 10 ஆண்டு என்பது வேறு கணக்கு. 2020-ல் 15 வயதில் கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டிய பையனுக்குத் தடை முடியும்போது 25 வயது ஆகியிருக்கும். 60 வயதில் கற்றுக்கொடுக்கத் தயாராக இருந்தவருக்கு 70.

2029 முடிவில் வேல்ஸ் அரசு மறுபடியும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அப்போது எத்தனை சால்மன் திரும்பின என்று மட்டும் கேட்டால் பாதிக் கணக்குதான். இந்த 10 ஆண்டில் ஆற்றுக்குள் வந்த சாணக் கரைசல் எவ்வளவு குறைந்தது? கார்டிகன் நிலையம் சரியானதா? மேல்பகுதி ஓடைகளின் கரையில் நிழல் தரும் மரங்கள் நடப்பட்டுத் தண்ணீர் குளிர்ந்ததா? இதையெல்லாம் கேட்காமல் தடையை மட்டும் நீட்டித்தால், பிடிப்பதை நிறுத்தியவர்கள் மட்டும் தங்கள் பங்கைச் செய்தார்கள், மற்றவர்கள் செய்யவில்லை என்றாகிவிடும்.

தடை தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. வலையில் இருந்து விடுவிக்கப்படும் ஒவ்வொரு தாய் மீனும் மேலே போய் முட்டையிட ஒரு வாய்ப்பு. ஆனால் அது போய்ச் சேரும் இடத்தில் கூழாங்கல் சுத்தமாக இருக்க வேண்டும், தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். மீனைக் கையில் எடுத்து விடுவது பரிசல்காரரின் வேலை. மீதி வேலை ஆற்றின் கரையில் வாழும் மற்ற எல்லோருடையதும்.